குகைக்குள் போனதும் தெரிந்தது: கேமிங் மானிட்டருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

விடுமுறைக்கு வந்த அக்கா மகன் தன்னுடைய மானிட்டரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட வேண்டுமாம். நானும் அப்போதுதான் புதிதாக ஒரு ஓஎல்இடி வகை மானிட்டர் வாங்கியிருந்தேன், பழையதை மேசையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. ஆக ஒரே மேசையில் மூன்று மானிட்டர். அவனுடையது 24 அங்குலம், 1080பி (திரையில் 1080 வரிசை பிக்சல்), ஐபிஎஸ் பேனல், 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படத்தைப் புதுப்பிக்கும்), கேமிங் மானிட்டர் என்று சொல்லி விற்பதிலேயே ஏறக்குறைய அடிமட்ட விலை. என் பழையது 27 அங்குலம், 1440பி, விஏ பேனல் (ஐபிஎஸ், விஏ இரண்டும் எல்சிடி திரையின் வகைகள்), 144 ஹெர்ட்ஸ். அதுவும் பட்ஜெட் ரகம்தான், ஐந்து வருடம் அதில்தான் விளையாடினேன். புதியது 27 அங்குலம், 1440பி, 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி. அந்த இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் கையில் காசு மிஞ்சும், அவ்வளவு விலை இதற்கு.

"மாமா, என்னோடதுல இல்லாத எது இதுல இருக்குன்னு இவ்ளோ காசு குடுத்தீங்க?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. வாயால் விளக்குவதைவிடக் காட்டிவிடலாம் என்று, ஒரே கேமை ஒரே சேவ் ஃபைலில் இருந்து மூன்றிலும் மாற்றி மாற்றி ஓட்டினோம். முதல் அரை மணி நேரம் என் பக்கம் வாதமே இல்லை. வெயிலடிக்கும் புல்வெளி, குதிரை, தூரத்தில் மலை. அவன் மானிட்டரில் புல் நுனிகள் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தன, அது 1080பி என்பதால். நிறம் சரி, வேகம் சரி, கேமராவைச் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. "பெருசா ஒண்ணும் தெரியலையே" என்றான். எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அப்புறம் கதாபாத்திரம் கையில் தீப்பந்தத்தோடு ஒரு குகைக்குள் போனது.

என் பழைய விஏ-யில் கேமராவைத் திருப்பியதும் பாறைகளின் கருப்பு விளிம்புகள், ஈர மையை விரலால் இழுத்துவிட்ட மாதிரி, பின்னாலேயே இழுபட்டு வந்தன. நின்று பார்த்தால் நல்ல கருப்பு, நடந்தால் சேறு. அவனுடைய ஐபிஎஸ்-ல் இழுபடவில்லை, ஆனால் குகை கருப்பாகவே இல்லை. மொத்தச் சுவரும் சாம்பல் நிறம், வலது கீழ் மூலையில் யாரோ பின்னாலிருந்து டார்ச் அடிப்பது போல ஒரு வெளுப்பு. புதியதில் போனோம். தீப்பந்த வெளிச்சம் எங்கே முடிகிறதோ அங்கே முடிந்தது, அதற்கு அப்பால் கருப்பு, மானிட்டரின் விளிம்பு எங்கே திரை எங்கே என்று பிரிக்க முடியாத கருப்பு. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கேமராவை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு, "மாமா, இந்தச் சுவத்துல கோடு கோடா செதுக்கியிருக்கு. மத்த ரெண்டுலயும் நடக்கும்போது இது கண்ணுலயே படல" என்றான்.

அன்றைக்கு ராத்திரி யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் நன்றாக இருக்கும் நேரத்தில், அதாவது வெளிச்சமான காட்சி, கிராஃபிக்ஸ் கார்டு (கேமின் படத்தை வரையும் பாகம்) முழு வேகத்தில் ஃபிரேம், அதாவது ஒவ்வொரு படமாக, தள்ளுகிறது என்றால், பட்ஜெட் மானிட்டரும் விலை கூடியதும் இன்று ஏறக்குறைய ஒன்றுதான். கேம் இருட்டுக்குள் போகும்போதும் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) திடீரென்று விழும்போதும்தான் கூடுதல் காசு வேலை செய்கிறது. அந்த மாதிரி நேரங்கள் உங்கள் விளையாட்டில் எவ்வளவு வருகின்றன என்பதை வைத்துத்தான் எவ்வளவு செலவு செய்யலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்கள் எல்லாமே அந்த நல்ல நேரத்து எண்கள்.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் விளம்பரமெல்லாம் அதைச் சுற்றித்தான். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லிசெகண்ட். 144-ல் அது 6.9. 240-ல் 4.2. 360-ல் 2.8. கழித்துப் பாருங்கள்: 60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சமாகிறது, 144-லிருந்து 240-க்குப் போனால் 3-கூட இல்லை, 240-லிருந்து 360-க்கு 1.4. முதல் தாவலை யாரும் கண்ணால் உணரலாம், டெஸ்க்டாப்பில் மவுஸை ஆட்டினாலே தெரிந்துவிடும். அடுத்த தாவல்களுக்குக் கொடுக்கும் காசு ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவாகத்தான் திருப்பித் தரும். 2014-ல் ஆசுஸ் பிஜி278க்யூ வந்தபோது 1440பி, 144 ஹெர்ட்ஸ், படம் கிழியாமல் காட்டும் ஜி-சிங்க் மூன்றும் ஒன்றாகக் கிடைத்தது என்று கேமர்கள் கொண்டாடினார்கள். அன்றைக்கு அதுதான் உச்சம். அதுவும் சாய்ந்து பார்த்தால் நிறம் மாறும் டிஎன் என்ற பழைய வகைப் பேனல்தான். இன்று அதே தெளிவும் அதே வேகமும், அதைவிட நல்ல ஐபிஎஸ் பேனலில், பட்ஜெட் வரிசையிலேயே கிடைக்கின்றன. அதனால் "வேகம் வேண்டும், ஆகவே விலை கூடியது வாங்குகிறேன்" என்று யாராவது சொன்னால் எவ்வளவு வேகம், எந்த கேமுக்கு என்று நான் கட்டாயம் கேட்பேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வேகமாக நகரும் பொருள் மங்கலாகத் தெரிவதற்குப் பேனல் மெதுவாக நிறம் மாறுவது மட்டும் காரணம் இல்லை. எல்சிடி ஆகட்டும் ஓஎல்இடி ஆகட்டும், ஒரு ஃபிரேமைக் காட்டிவிட்டு அடுத்தது வரும்வரை அதை அப்படியே நிறுத்தி வைக்கிறது. நம் கண்ணோ நகரும் பொருளைத் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. படம் நிற்கிறது, கண் ஓடுகிறது. அந்த வித்தியாசம்தான் கண்ணுக்குள் மங்கலாகப் படிகிறது. ஒரு பொருள் நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் திரையைக் கடந்தால் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும், 120-ல் 8, 240-ல் 4. பிளர் பஸ்டர்ஸ் தளத்தினர் செய்த டெஸ்ட்யுஎஃப்ஓ என்ற சோதனைப் பக்கத்தில் ஒரு பறக்கும் தட்டு ஓடிக்கொண்டே இருக்கும், அதை 60-லும் 120-லும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால் இது உடனே புரிந்துவிடும். ஆகவே பிக்சல் நிறம் மாற 0.03 மில்லிசெகண்ட் என்று போட்டிருக்கும் ஓஎல்இடி-யை 60 ஃபிரேமில் ஓட்டினாலும் மங்கல் இருக்கத்தான் செய்யும். எல்டன் ரிங் என்ற கேம் பிசி-யில் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. அதை மட்டும் விளையாடுகிறவர் 240 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்து என்ன கிடைக்கப்போகிறது?

சரி, பெட்டிகளில் போட்டிருக்கும் அந்த "1 எம்எஸ்" (1 மில்லிசெகண்ட்) விஷயத்துக்கு வருகிறேன். எல்சிடி பேனலில் ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம்தான் ரெஸ்பான்ஸ் டைம். அதை வேகப்படுத்த ஓவர்டிரைவ் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிக்சலுக்குத் தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாக மின்னழுத்தம் கொடுத்து உந்துவது. உந்துதல் சரியாக இருந்தால் சீக்கிரம் போய்ச் சேரும், அதிகமாகிவிட்டால் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அப்படித் தாண்டும்போது நகரும் பொருளுக்குப் பின்னால் வெள்ளையாகவோ வேறு நிறத்திலோ ஒரு நிழல் தெரியும். என் பழைய மானிட்டரின் மெனுவில் ஓவர்டிரைவுக்கு மூன்று நிலைகள் இருந்தன. பெட்டியில் போட்டிருந்த 1 மில்லிசெகண்ட் மூன்றாவது நிலையில் எடுத்த அளவு, அந்த நிலையில் வைத்து விளையாடினால் ஓடுகிற ஆளுக்குப் பின்னால் ஒரு வெளிச்சக் கோடு கூடவே ஓடும். ஐந்து வருடமும் நடு நிலையில்தான் வைத்திருந்தேன். பெட்டியில் எம்பிஆர்டி என்று சேர்த்துப் போட்டிருந்தால் அது வேறு கணக்கு: பின்விளக்கை ஃபிரேமுக்கு ஒரு தடவை மின்னி அணைத்து, படம் கண்ணில் நிற்கும் நேரத்தைக் குறைத்து எடுத்தது. அதைப் போட்டால் திரை மங்கும், பெரும்பாலான மானிட்டர்களில் அடுத்துச் சொல்லப்போகும் அடாப்டிவ் சிங்க்கும் கூட வேலை செய்யாது.

பட்ஜெட் மானிட்டரை வைத்துக்கொண்டு நான் நிஜமாகவே கஷ்டப்பட்டது இங்கேதான். அடாப்டிவ் சிங்க் என்றால், கிராஃபிக்ஸ் கார்டு எப்போது ஃபிரேம் முடித்துக் கொடுக்கிறதோ அப்போது மானிட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், படம் நடுவில் கிழியாது. என்விடியா 2013-ல் ஜி-சிங்க்கை அறிவித்தபோது அதற்கென்று தனி மாட்யூல் மானிட்டருக்குள் இருக்க வேண்டும், அதனால் விலை ஏறியது. திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014-ல் அதை டிஸ்ப்ளேபோர்ட் என்ற கேபிள் இணைப்பின் பொதுத் தரத்திலேயே சேர்த்தது, ஏஎம்டி-யின் ஃப்ரீசிங்க் அந்த வழியில் வந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளை அந்தப் பொதுத் தர மானிட்டர்களோடு வேலை செய்யவிட்டது. பட்ஜெட் மானிட்டர் வாங்குகிறவர்களுக்கு இத்தனை வருடத்தில் நடந்த பெரிய நல்லது அதுதான் என்பேன்.

ஆனால் அந்தத் தனி மாட்யூல் செய்துகொண்டிருந்த ஒரு வேலை பல மலிவு மானிட்டர்களுக்கு வந்து சேரவில்லை. ஃபிரேம் ரேட் மாற மாற ஓவர்டிரைவையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 144-ல் அடுத்த புதுப்பிப்புக்கு 7 மில்லிசெகண்ட்தான் இருக்கிறது என்று பலமாக உந்தலாம். கேம் 70 ஃபிரேமுக்கு விழுந்தால் இடைவெளி 14 மில்லிசெகண்ட், அதே பலத்தில் உந்தினால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய் அங்கேயே நிற்கும், அந்த வெள்ளை நிழல் கண்ணில் நன்றாகவே படும். மலிவு மானிட்டரில் ஓவர்டிரைவை உச்ச வேகத்துக்கு ஒரு தடவை அமைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். பெரிய சண்டை நடக்கிறது, வெடி வெடிக்கிறது, ஃபிரேம் விழுகிறது, படம் எப்போது தெளிவாக இருக்க வேண்டுமோ அப்போதுதான் கலங்குகிறது. நடு நிலைக்கு நான் போனதற்கும் அதுதான் காரணம்.

இன்னொன்று, அடாப்டிவ் சிங்க் எந்த ஹெர்ட்ஸிலிருந்து எந்த ஹெர்ட்ஸ் வரை என்று பாருங்கள். 48 முதல் 144 வரை என்றால் கவலை இல்லை, கேம் 40-க்கு விழுந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு தடவை காட்டி 80-ல் ஓட்டிவிடும். 48 முதல் 75 வரைதான் என்றால் அந்த வழியும் இல்லை. 40-ஐ இரட்டிப்பாக்கினால் 80, அது 75-ஐத் தாண்டிவிடுகிறதே. அடாப்டிவ் சிங்க் அங்கேயே நின்றுவிடும், படம் நடுங்கும். சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்தான் அந்த மானிட்டரை வாங்குவார், அவருக்குத்தான் 48-க்குக் கீழே அடிக்கடி விழும்.

இனி இருட்டு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும்.

எல்சிடி என்றால் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது, முன்னால் இருக்கும் பேனல் அதை மறைக்க முயல்கிறது. முழுதாக மறைக்க முடியாது. சாதாரண ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000-க்கு 1 என்ற அளவில் இருக்கும். வெள்ளை 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்று வைத்தால் கருப்பு கால் நிட். பகலில், ஜன்னல் திறந்த அறையில், இது ஒரு பொருட்டே இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அந்தக் கால் நிட்தான் சாம்பல் குகை. விஏ பேனல் 3000-க்கு 1 அல்லது அதற்கும் மேல் போகும், கருப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் கருப்பிலிருந்து அடுத்த இருண்ட நிறத்துக்கு மாறும்போது மலிவு விஏ மிகவும் மெதுவாக மாறுகிறது, அதுதான் சேறு மாதிரி இழுபட்டது. ஓஎல்இடி-யில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, கருப்பு வேண்டும் என்றால் அணைந்துவிடுகிறது. குகைச் சுவரில் அந்தக் கோடுகள் நடக்கும்போதும் தெரிந்ததற்கு இரண்டு காரணம்: கருப்பு கருப்பாக இருந்தது, பிக்சல் உடனே மாறியது.

எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) என்ற ஸ்டிக்கரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு அதிகம் வீணாகும் இடம் இது. எச்டிஆர்10 ஆதரவு என்று போட்டிருந்தால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம், காட்ட முடியும் என்று அர்த்தம் இல்லை. வெசா 2017 டிசம்பரில் டிஸ்ப்ளேஎச்டிஆர் என்ற தரவரிசையைக் கொண்டுவந்தது. அதில் கீழ்ப்படி 400, அதாவது உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி அந்தப் படிக்குக் கட்டாயம் என்று வைக்கவில்லை. அந்த வசதி இல்லாமல் எச்டிஆர் போட்டால் மொத்தத் திரையும் ஒன்றாக வெளுக்கும். என் பழைய மானிட்டரின் பெட்டியிலும் எச்டிஆர் என்று இருந்தது. வாங்கிய அன்று போட்டுப் பார்த்தேன், எல்லாம் பால் கலந்த மாதிரி வெளிறிப்போனது, அன்றைக்கே அணைத்தேன், ஐந்து வருடத்தில் அப்புறம் அதைத் தொடவில்லை. அந்த எழுத்தை நம்பி அதற்கென்று கூடுதலாகக் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

எச்டிஆர் நிஜமாக வேண்டும் என்றால் இரண்டே வழிதான், ஓஎல்இடி அல்லது மினி எல்இடி. மினி எல்இடி-யில் பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்துவிடுகிறார்கள், இருட்டு இருக்கும் இடத்தில் அந்தப் பகுதியின் விளக்கு மட்டும் மங்கும். 1152 பகுதிகள் உள்ள ஒரு 1440பி மானிட்டரில் ஒரு பகுதிக்கு 3200 பிக்சல் வரும். அதனால் கருப்புத் திரையில் வெள்ளை மவுஸ் அம்பு நகர்ந்தால் அதைச் சுற்றி லேசாக ஒரு ஒளிவட்டம் கூடவே நகரும். விளையாட்டில் அது அவ்வளவாகத் தெரியாது. இந்த வசதி உச்ச விலையில் மட்டும் இருந்த காலமும் போய்விட்டது: ஏஓசி க்யூ27ஜி3எக்ஸ்எம்என் என்ற விஏ மானிட்டர் 336 பகுதிகளோடு பட்ஜெட் வரிசையிலேயே வந்தது. பகுதிக்கு 11 ஆயிரம் பிக்சல் என்பது கொஞ்சம் பெரிய கட்டம்தான், இருந்தாலும் சாதாரணப் பின்விளக்கோடு அதை ஒப்பிடவே முடியாது. கை சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ராத்திரியில் கதை கேம்கள்தான் விளையாடுவேன் என்பவருக்கு இந்த வகையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அதற்காக ஓஎல்இடி-யில் குறையே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும் படம், உதாரணமாக டாஸ்க்பார், கேமின் மினிமேப், காலப்போக்கில் தழும்பு மாதிரி பதிந்துவிடலாம். 2022-ல் முதல் க்யூடி-ஓஎல்இடி (ஓஎல்இடி-யில் ஒரு வகை) மானிட்டரான ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ வந்தபோதே அந்தப் பதிவுக்கும் சேர்த்து மூன்று வருட வாரன்டி கொடுத்தார்கள், அந்தக் கவலை எல்லோருக்கும் இருந்தது என்பதால்தான். வாங்கும்போது வாரன்டியில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முழு வெள்ளைப் பக்கம் திறந்தால் ஓஎல்இடி தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாள் முழுவதும் எக்ஸெல் திறந்து வைத்து வேலை செய்கிறவருக்கு, வெயில் விழும் அறையில் உட்காருகிறவருக்கு இது சரியான துணை இல்லை. க்யூடி-ஓஎல்இடி பேனலில் வெளிச்சம் பட்டால் கருப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும், பகலில் நான் அதைத் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்கள் முக்கோணமாக அமைந்திருப்பதால் எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு ஒன்று இருக்கும். விளையாடும்போது கவனத்துக்கே வராது, பத்து நிமிடம் தொடர்ந்து படித்தால் வரும். அதனால்தான் பழைய விஏ-யை நான் தூக்கிப் போடவில்லை. படிப்பது, எழுதுவது, சாட், பிரவுசர் எல்லாம் அதில். புதியதில் டாஸ்க்பாரை மறைத்துவிட்டு, பின்னணிப் படத்தைக் கருப்பாக்கிவிட்டு, கேம் மட்டும்.

தெளிவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1080பி என்பது 24 அங்குலத்தில் நன்றாக இருக்கும், அங்குலத்துக்கு 92 பிக்சல். அதையே 27 அங்குலத்தில் வாங்கினால் 82-ஆகக் குறைந்து எழுத்தெல்லாம் பிசிறடிக்கும், விலை குறைவு என்று அந்தக் கூட்டணியை மட்டும் எடுக்காதீர்கள். 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109, கேமுக்கு இதுதான் எனக்குப் பிடித்த அளவு. 4கே-வில் திரை நிறைய 83 லட்சம் பிக்சல், 1080பி-யைப் போல நான்கு மடங்கு. உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு அந்த நான்கு மடங்கையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் வரைய வேண்டும். கார்டு 1440பி-யிலேயே மூச்சு வாங்குகிறது என்றால் 4கே மானிட்டர் வாங்கி அதை 1440பி-யில் ஓட்டத்தான் போகிறீர்கள், படமும் கொஞ்சம் மசமசவென்று இருக்கும். அந்தக் காசைக் கார்டில் போடுங்கள். ஆனால் கார்டை மூன்று நான்கு வருடத்தில் மாற்றுவோம், நல்ல மானிட்டர் இரண்டு கார்டுகளைத் தாண்டியும் நிற்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்டாண்ட் விஷயமும் அப்படித்தான்: மலிவு மானிட்டரில் முன்னும் பின்னும் சாய்க்க மட்டும்தான் முடியும். பின்னால் 100 மில்லிமீட்டர் வெசா திருகுத் துளைகள் இருந்தால் தனியாக ஒரு மானிட்டர் ஆர்ம் (தாங்கும் கை) வாங்கி மாட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கழுத்து வலியோடு வாழ வேண்டும்.

நான் ஒதுங்கிப் போகச் சொல்வது நடு விலையில் இருக்கும் ஒரு கூட்டத்தைத்தான். பேனல் அதே ஐபிஎஸ், அதே 1000-க்கு 1. ஆனால் பின்புறம் வண்ண விளக்கு, மெல்லிய விளிம்பு, யுஎஸ்பி ஹப், டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 ஸ்டிக்கர், பெயருக்கு முன்னால் கம்பீரமான ஒரு அடைமொழி. பட்ஜெட் ஐபிஎஸ்-ஐவிட ஒன்றரை மடங்கு விலை. குகைக்குள் போனால் அதே சாம்பல்தான் தெரியும். அந்தப் பணத்தில் பட்ஜெட் மானிட்டர் வாங்கி மிச்சத்தைச் சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் காத்திருந்து ஓஎல்இடி-க்கோ மினி எல்இடி-க்கோ நேராகப் போங்கள்.

அக்கா மகன் கிளம்பும்போது மறுபடியும் கேட்டான், "அப்போ நானும் மாத்தணுமா மாமா?" வேண்டாம் என்றேன், மனதார. அவன் விளையாடுவது வேலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் கேம்கள். வெளிச்சமான வரைபடங்கள், எதிரி தெளிவாகத் தெரிய வேண்டும் என்றே அமைத்தவை, அவன் கார்டு அவற்றில் 200 ஃபிரேமுக்கு மேல் தருகிறது, இருட்டும் இல்லை, ஃபிரேம் வீழ்ச்சியும் இல்லை. அவனுக்கு அந்த 24 அங்குல ஐபிஎஸ் சரியான மானிட்டர். என்றாவது மாற்றினாலும் 240 ஹெர்ட்ஸ் உள்ள இன்னொரு மலிவு ஐபிஎஸ் போதும்.

ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டுக்குப் போனதும் பார்க்கச் சொன்னேன். அவன் மானிட்டரை என் கம்ப்யூட்டரில் மாட்டியபோது விண்டோஸ் அதை 60 ஹெர்ட்ஸில்தான் எடுத்தது; டிஸ்ப்ளே அமைப்புகளில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் 165-ஐ நான் கையால் தேர்ந்தெடுத்தேன். அதையும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்ட பிறகுதான், அவன் கொண்டுவந்திருந்த எச்டிஎம்ஐ வழியில் 144-க்கு மேல் காட்டவே இல்லை. அவன் வீட்டில் எப்படி ஓடுகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"மாமா, அறுபதுல இருக்கு. வாங்கி எட்டு மாசம் ஆச்சு."

"டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டிக்குள்ளயே இருக்கும், பாரு."

பெட்டியை இறக்கும் சத்தம், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் சத்தம், கொஞ்ச நேரம் கிளிக் கிளிக் என்று மவுஸ் சத்தம். அப்புறம் அவன் என்னிடம் ஒன்றும் பேசவில்லை, கூடத்தில் இருந்த அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, இங்க வா, இந்த மவுஸ் எப்படி நகருதுன்னு பாரேன்" என்று கத்தினான்.